ஏழு புள்ளி நாலு

அண்ணா, லிவரைத் தொடாதீங்க. கொட்ட வேண்டாம்னு சொல்லலை. இப்பக் கொட்ட வேண்டாம்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற.

உள்ளே தண்ணீர் நிற்கிறது பாருங்க. ஐம்பத்தேழாயிரம் லிட்டர். அதில் ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டினால் என்ன ஆகும்? சேறு ஆகும். ஏழு லோடு கொட்டினால் ஏழு லோடு சேறு. தண்ணீரை இறக்கிவிட்டு, அடிக் காங்கிரீட்டில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் மண் போட வேண்டும். இல்லையென்றால் மழை பெய்கிறபோதெல்லாம் உள்ளே தேங்கும். மேலே மாடு நடந்தால் மாடு உள்ளே போகும். இதை யாரும் யோசிக்கவில்லை. நீச்சல் குளத்தை மூடணும், ஏழு லோடு வேணும். அவ்வளவுதானே சொன்னாங்க உங்ககிட்ட?

யார் கூப்பிட்டது, மாமாவா? அம்மாவேதானா. சரி.

இறங்குங்க. அந்த பெஞ்சில் உட்காருங்க. அந்த ஓரம் வேண்டாம், காக்காய் அசிங்கம் பண்ணியிருக்கிறது. என் பேர் மௌனிகா. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான்.

ஆனைமலை ரோட்டில் இதை ரத்தக் குளம் என்கிறார்களாம். உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க. இல்லைன்னு தலையாட்டாதீங்க, உள்ளே வந்ததிலிருந்து தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல்தான் ரிவர்ஸ் எடுத்தீங்க. கண்ணாடியில் பார்த்தேன். நான் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க.

அப்பா வாங்கியது தென்னந்தோப்பு. குளம் அதோடு வந்தது. எங்கள் காட்டை, அதான் நிலத்தை, பைபாஸ் ரோட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக எங்கேயாவது மரம் வேண்டும் என்று மூன்று மாதம் அலைந்து இதைப் பிடித்தார். கோயம்புத்தூர் மில்காரர் ஒருத்தர் சனி ஞாயிறு வந்து போக இந்த வீட்டைக் கட்டியிருந்தார். ரெண்டு வருஷமாக யாரும் வரவில்லை. நாங்கள் பார்க்க வந்தபோது இந்தக் குளம் முழுக்கப் பாசி. தவளை கத்திக்கொண்டிருந்தது. அம்மா மூக்கைப் பொத்தினாள். அப்பா, “தவளை இருந்தா நல்ல தண்ணீன்னு அர்த்தம்” என்றார்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது.

முதலில் அப்பா இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்டை விழுந்தது எத்தனை, வண்டு அடித்தது எத்தனை, அதுதான் அவர் பேச்சு. அப்புறம் நாலு ரோட்டு டீக்கடையில் யாரோ, “மயில்சாமி ஊட்டுல சுவிம்மிங் பூல் இருக்குதாமா” என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர்கள் பச்சைத் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒருத்தர், “எருமை கட்டறதுக்கு நல்லாருக்கும் மயிலு” என்றார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர்கள் போன பிறகு கரையிலேயே நின்றார். காது சிவந்திருந்தது.

மறுநாள் கோயம்புத்தூரில் குளத்து மருந்து விற்கிற கடைக்குப் போன் பண்ணினார். கடைக்காரர், “பி.எச். எவ்வளவு வருதுங்க?” என்று கேட்டார். அப்பா, “அப்புடி யாரும் வரலீங்களே” என்றார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். அப்படித்தான் இந்த வேலை என்னிடம் வந்தது.

நான் பிளஸ் டூவில் வேதியியல் பெயில். இருபத்தொன்பது மார்க். மறைக்க ஒன்றுமில்லை. ஜூன் கடைசியில் திரும்ப எழுதியிருக்கலாம், பணமும் கட்டியிருந்தது. எழுதவில்லை. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அப்பா இலை அள்ளுகிற வலைக் கம்பை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பெட்டியைப் பாருங்க. ரெண்டு குழாய். தண்ணீரை இந்தக் கோடு வரை பிடித்து, இந்தச் சிவப்புச் சொட்டு ஐந்து விட வேண்டும். ஆட்டிவிட்டு இந்த நிற அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் வந்தால் தண்ணீர் அமிலம். ரோஜா நிறம் வந்தால் காரம். நடுவில் ஒரு ஆரஞ்சு வரும், அதுதான் பி.எச். ஏழு புள்ளி ரெண்டிலிருந்து ஏழு புள்ளி ஆறு வரை. அதில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் எவ்வளவு குளோரின் போட்டாலும் வேலை செய்யாது, கண் எரியும். கீழே போனால் கம்பியை அரிக்கும். இதையே புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறவில்லை. மிஸ் அதை ஒரு பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போவார். தண்ணீர் அப்படிப் போகாது.

அதற்கும் முன்னால் ஆல்கலினிட்டி என்று ஒன்று இருக்கிறது. அது அதிகமாக இருந்தால் ஆசிட் ஊற்ற ஊற்ற அந்த நம்பர் அசையாது. நாலு நாள் ஒரே இடத்தில் நிற்கும், ஐந்தாவது நாள் தடாலென்று இறங்கும். எங்கள் போர்த் தண்ணீர் அந்த ஜாதி. சோப்பு நுரைக்காது, குடம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஆசிட், பம்ப் ஓடும்போது, சுற்றி நடந்துகொண்டே ஊற்ற வேண்டும். கடைக்காரர் போனில் சொல்லித் தந்தார். பாதி அவர் சொன்னது. மீதி நான் தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டது.

அப்பாவுக்கு இந்தக் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்காது. படிகாரக் கட்டியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். மயில்துத்தம் போடலாமா என்று கேட்டார். “கிணத்துக்குப் போடறதில்லையா? இதென்ன? இது படுத்த கிணறு.” சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நானும்தான்.

இப்போது ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரு அக்கா, பாப்பாத்தி அத்தை. வருஷா வருஷம் சொந்தக்காரப் பெண்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். இந்த வருஷம் அத்தைக்கு முட்டி வலி. அப்பா போனில், “ஆத்துக்கு எதுக்குக்கா? படியெறங்கி மேலேறோணும். என்ற ஊட்டுக்கு வா. தண்ணி இங்கயே இருக்குது” என்றார். சொல்லிவிட்டு வந்து குளத்தைப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் கலங்கல். அடி தெரியவில்லை. எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு நாள்தான் இருந்தது.

தென்னைக்கு அடிக்க வாங்கிய சுண்ணாம்பு இருந்தது. பத்துக் கிலோ கரைத்து ஊற்றினார். நான் வேண்டாம் என்றேன். “பேசாம சாக்கைப் புடி கண்ணு” என்றார். பிடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கைப் பிடித்தது நான்.

காலையில் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கலங்கல் எல்லாம் வெள்ளை மாவாக அடியில் படிந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்து, “எப்புடி?” என்றார். நான் சொட்டு விட்டுப் பார்த்தேன். இந்த அட்டையிலேயே இல்லாத நிறம் வந்தது. சொல்ல வாயைத் திறந்தபோது வேன் வந்துவிட்டது.

பதினாறு பெண்கள். படிக்கட்டில் ஏழு கல் வைத்தார்கள், மஞ்சள் பூசினார்கள், காதோலை, கருகமணி, கயிறு எல்லாம் வைத்தார்கள். அத்தை சொம்பில் மஞ்சள் கரைத்து எடுத்து வந்து தண்ணீரில் ஊற்றினார்.

சிவப்பாகப் போனது.

புகை மாதிரி, உள்ளே உள்ளே போனது. கல்லைக் கழுவிய இடமும் சிவப்பு. அத்தையின் விரலும் சிவப்பு. ஒரு சின்னப் பெண், “ரத்தம்” என்றது. அவள் அம்மா வாயில் ஒன்று வைத்தாள். அப்பா மட்டும், “அட, சுண்ணாம்பு போட்டேன்க்கா, அதுதான்” என்று சிரித்துக்கொண்டே நாலு தடவை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஐந்து வகைச் சோறு கிளறி வைத்திருந்தாள். தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு எல்லாம். ஒருத்தரும் இலை போடவில்லை. வேன் போய்விட்டது. அடுத்த வீட்டு மாடு தின்றது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. அண்ணா, உங்களுக்குத் தெரியாதா? ஆரத்தி வேறு எப்படிக் கரைக்கிறார்கள்? அத்தை வருஷத்துக்கு இருபது ஆரத்தி சுற்றுவார். அவருக்கே தெரியவில்லை என்றால் நான் என்ன பண்ணுவது.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்னிடம் வந்து, “இதைச் சரி பண்ணிடு கண்ணு. அக்காவைத் திருப்பி வரச் சொல்லிக் காட்டோணும்” என்றார். எனக்கு வேலை சொன்னால் செய்வேன். ஒன்பது நாள். அரை லிட்டர், அரை லிட்டர். அடியில் படிந்த மாவைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தேன். பில்டரைத் தினம் கழுவினேன். கையைப் பாருங்க, இன்னும் தோல் உரிகிறது. ஒன்பதாவது நாள் காலை பதினொன்றேகாலுக்குச் சொட்டு விட்டேன். ஏழு புள்ளி நாலு. நட்ட நடு. வாங்கியதிலிருந்து முதல் தடவை.

அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். வந்ததும் காட்டலாம் என்று குழாயை இந்தச் சுவரில் வைத்தேன். அது ரொம்ப நேரம் நிற்காது, அரை மணி நேரத்தில் நிறம் மங்கிவிடும். கையில் ஆசிட் இருந்ததால் போனை எடுக்கவில்லை. பதினொரு தடவை அடித்திருக்கிறது. அப்புறம் பார்த்தேன்.

டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் சாய்ந்தாராம். சிந்தவில்லை என்று டீக்கடைக்காரர் ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். டாக்டர் இதயம் என்று எழுதிக் கொடுத்தார். டீக்கடைக்கும் இந்தத் தண்ணீருக்கும் நாலு கிலோமீட்டர் தூரம்.

அழுதாயா என்று எல்லாரும் கேட்டார்கள். அழவில்லை. வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன், எனக்கென்ன.

வீட்டில் கூட்டம் இருந்த அந்த மூன்று நாளும் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. நான்தான் வந்தேன். ஆள் செத்த வீடு என்று தண்ணீர் சும்மா நிற்குமா? வெயில் அடிக்கிறது, இலை விழுகிறது, ஒரு நாள் விட்டால் ஏறிவிடும். வந்து பார்த்தேன், எட்டுக்குப் போயிருந்தது. இறக்கினேன்.

கருமாதி அன்றைக்கு அத்தை ஆரம்பித்தார். தண்ணி முன்னாடியே காட்டிக் குடுத்துருச்சு, இன்னும் யாரை எடுக்கப் போகுதோ, மண்ணைப் போட்டு மூடுங்க என்று. நான் எழுந்து ஆரத்தி விஷயத்தைச் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆரத்தி நாம கரைக்கறது. இது தானாக் கரைஞ்சது” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வீங்க? மாமா, “சின்னப் புள்ளை நீ உள்ளார போ” என்றார். அப்போது அம்மாதான் பேசினாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அண்ணி. சுண்ணாம்புதான். மூட வேண்டாம்.” மெதுவாகத்தான் சொன்னாள். மூடுகிற பேச்சு அத்தோடு நின்றது.

அதுதான் எனக்குப் புரியவில்லை அண்ணா. அப்போது வேண்டாம் என்று சொன்னவள் இப்போது அவளே உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் என்ன மாறியது? தண்ணீர் மாறவில்லை. அதுக்கு நான் பொறுப்பு. இந்த நோட்டைப் பாருங்க. காலை ஆறு, பதினொன்று, நாலு, ஏழு. நாற்பத்தோரு நாள். ஏழு நாலு, ஏழு நாலு, ஏழு ஐந்து, அது மழை பெய்த நாள், மறுபடி ஏழு நாலு. இந்த மாதம் எட்டாம் தேதியிலிருந்து பம்ப் ரூமிலேயே படுக்கிறேன். மோட்டார் சத்தம் மாறினால் உடனே தெரியும். அம்மா வந்து வந்து, “உள்ளார வந்து படு மௌனி” என்பாள். படுக்கிறதுக்கு எங்கே படுத்தால் என்ன.

குளிக்கிறதா? யாரும் குளிக்கிறதில்லை. அதுக்கு இல்லை.

எதுக்குன்னா என்ன சொல்றது. சரியா இருக்கணும் இல்லையா.

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, கண்ணாடி இல்லாமத் தெரியலை, எவ்வளவு காட்டுதுன்னு பாரு என்றாள். பார்த்தேன். நூற்றிரண்டு. சரியாகத்தான் சொன்னேன், ஒரு புள்ளிகூட மாற்றிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்தேன், பில்டர் கழுவ வைத்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் அம்மா தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. சாயங்காலம் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, கேட்டேன். “ஒண்ணுமில்லை” என்றாள். ஒன்றுமில்லை என்றால் சரி. அன்றைக்குத்தான் மாமாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள், உங்கள் நம்பர்.

முந்தாநாள் விஷயம் தெரிந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். கையில் ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீர். மஞ்சள் டப்பாவை எடுத்தேன். அம்மா கண் முன்னாலேயே ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். மஞ்சளாகவே இருந்தது. அசல் மஞ்சள். “பார்த்துக்க. செவக்குதா?” என்றேன்.

அம்மா பார்த்தாள். “இல்லை. மஞ்சளாத்தான் இருக்குது.”

“அப்புறம் எதுக்கு மூடறே? அத்தை பேச்சைக் கேட்டியா?”

“செவக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்?”

“பின்ன என்ன?”

அம்மா அந்த டம்ளரை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். கழுவிக் கவிழ்த்து வைத்தாள். “அவரைத் தூக்கிட்டுப் போனப்ப நீ எங்க நின்னே?” என்று கேட்டாள். இங்கே, குளத்துக்கரையில்தான் நின்றேன். அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, இதை எதுக்குக் கேட்கிறாள்? “நான் ஒரு ஆளு உள்ளார இருக்கறேன்” என்றாள். இருக்கிறாள், தெரியும். நான் இல்லை என்று சொல்லவில்லையே. “சனிக்கிழமை லோடு வருது” என்றாள். அவ்வளவுதான். நான் நிரூபித்துவிட்டேன் அண்ணா. நிரூபித்த பிறகும் மூடுகிறாள். கணக்கில் சரியான விடை வந்த பிறகு மார்க் போடாத மாதிரி இருக்கிறது.

என்ன, தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டுடலாமா? கூடாது. குளோரின் இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் ஒரே நாளில் போனால் வேர் கருகும், கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அது அப்பா பார்த்து வாங்கிய மரம். ஒரு வழி இருக்கிறது. ஒரு வாரம் இதில் எதுவும் போடாமல் விட வேண்டும். குளோரின் வேண்டாம், ஆசிட் வேண்டாம், பம்ப் ஓட வேண்டாம். வெயிலே குளோரினைத் தின்றுவிடும். பச்சையாகும், புழு வரும், தவளைகூட வரும். அப்போது இந்தத் தண்ணீரை மரத்துக்கு விடலாம். நீங்க அடுத்த சனிக்கிழமை வாங்க. இந்த ஒரு லோடை அந்த வேலி ஓரத்தில் தட்டிட்டுப் போங்க.

நம்பலைன்னா அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. வீடு அங்கேதான் இருக்கிறது, ஆனால் அம்மா இப்ப இந்தப் பக்கம் வராது. பண்ணுங்க, நான் இங்கேயே நிற்கிறேன்.

என்ன சொல்லுது?

ஒரு வாரம் விடலாமாமா? அப்போ சரி. நான்தான் சொன்னேனே.

இன்னும் என்ன? என்னைக் கேட்கச் சொல்லுதா? என்ன கேட்கணும்?

ஒரு வாரம் தொடாம இருப்பேனான்னு.

லைனில்தான் இருக்குதா? இருக்கட்டும். கொஞ்சம் இருங்க.

பச்சையாகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ரெண்டாம் நாள் படிக்கட்டு வழுக்கும். மூன்றாம் நாள் ஒரு மாதிரி மங்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு மணிக்கு நான் எங்கே இருப்பேன்? வீட்டுக்குள் இருப்பேன். வீட்டுக்குள் என்ன இருக்கிறது? அவர் சட்டை ஆணியில் தொங்குகிறது. அம்மா எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து வந்து ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன்.

இல்லைன்னு சொல்லிடுங்க அண்ணா. இருக்க மாட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு வாரமெல்லாம் என்னால் ஆகாது.

இன்றைக்கே இறக்கிவிடுகிறேன். மரத்துக்கு வேண்டாம், ரோட்டோரப் பள்ளத்துக்கு ஒரு குழாய் போகிறது. பம்ப் ரூமில் இருக்கிற கைப்பிடியைத் திருப்பிவிட்டு மோட்டாரைப் போட்டால் போதும். ஆறு மணி நேரத்தில் அடி தெரியும். எந்தக் கைப்பிடி, எந்தப் பக்கம் திருப்பணும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் திருப்பவில்லை என்றால் நீங்க ராத்திரி வரைக்கும் நின்றாலும் இது போகாது. அம்மாவுக்கும் அது தெரியும், அதனால்தான் கேட்டிருக்கிறது.

என்ன சொல்லுது? வெச்சிருச்சா?

சரி. நீங்க ஒரு உதவி பண்ணுங்க. வேலியைத் தாண்டிப் பள்ளத்துக்கிட்டப் போய் நில்லுங்க. வெள்ளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முன்னால் நிற்காதீங்க, வேகமாக அடிக்கும். ஓரமாக நில்லுங்க. வந்தால் ஒரு குரல் குடுங்க.

திருப்பிட்டேன்.

மோட்டார் போட்டாச்சு.

வருதாண்ணா?